256 ஜிபி கார்டில் 18 ஜிபி எங்கே?

கேள்வி: ராஸ்பெர்ரி பை போர்டில் (லினக்ஸில் ஓடும் குட்டிக் கணினி) கேமரா பதிவுகளைச் சேமிக்க ஆன்லைனில் 256 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு வாங்கினேன். யுஎஸ்பி ரீடரில் செருகினால் 238 ஜிபிதான் காட்டுகிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மேட் போட்டேன். தகராறில்லாமல் மவுண்ட் ஆனது (ஒரு ஃபோல்டர் வழியாகத் திறந்தது). பத்து நாள் கழித்துப் பார்த்தால் வீடியோக்கள் திறக்கவில்லை. "லினக்ஸ் ஃபார்மேட் போட்டதால்தான் கெட்டுப்போச்சு" என்கிறார் விற்றவர். உண்மையா?

பதில்: அந்த 18 ஜிபியை யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் கணக்கில் 1 ஜிபி என்பது 100 கோடி பைட். லினக்ஸ் கணக்கில் 107 கோடியே சொச்சம். அதனால் 256 அங்கே 238 ஆகிவிடுகிறது.

ஃபார்மேட் கதை வெறும் சால்ஜாப்பு. கார்டுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசை எண் போட்ட 512 பைட் பிளாக்குகள். அதில் நீங்கள் இஎக்ஸ்டி4 எழுதினாலும், எக்ஸ்ஃபேட் என்ற வேறு ஃபார்மேட்டை எழுதினாலும் அதற்கு ஒன்றுதான்.

எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த 238 மேல்தான். கொள்ளளவைக் கார்டின் கன்ட்ரோலர் (உள்ளிருந்து அதை இயக்கும் சில்லு) சொல்கிறது, லினக்ஸின் மையமான கெர்னல் அப்படியே நம்புகிறது. உள்ளே 32 ஜிபி மெமரி சில்லை வைத்துக்கொண்டு 256 என்று புளுகும் போலிகள் சந்தையில் உண்டு. ஃபார்மேட்டுக்கும் மவுண்ட்டுக்கும் கொஞ்சம் பிளாக்குகளே போதும் என்பதால் அதுவரை பொய் வெளியே தெரியாது. 32ஐத் தாண்டியதும் எழுதுவது தொலையும், அல்லது பழையதன் மேலேயே விழும். காப்பி செய்த கையோடு திறந்து பார்த்தால் நன்றாகவே ஓடும். அது ராமில் இருக்கும் பிரதி. அன்மவுண்ட் செய்து, கழற்றிச் செருகிப் பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

எஃப்3 என்ற இலவச மென்பொருள் கார்டை நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 20 எம்பி வேகமென்றால் நிரப்பவே மூன்றரை மணி நேரம். ஆரம்பிக்கும் முன் கார்டு மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கார்டு என்று நீங்கள் நினைக்கும் இடம் வெறும் ஃபோல்டர், நிரம்பப்போவது போர்டின் சிஸ்டம் கார்டு! (எனக்கு ஒருமுறை நடந்தது.)

சோதனையில் கார்டு தேறிவிட்டால் விற்றவரை விடுங்கள். அன்மவுண்ட் செய்யாமல் பவரைப் பிடுங்கியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். தேறவில்லையென்றால் முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் விற்பனைத் தளத்தில் பதியுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதே சரக்கில் வேறு கார்டு தருகிறேன் என்றால் வேண்டாம், பணத்தைக் கேளுங்கள்.