ஆந்தை காசு ஒரிஜினலா?

கேள்வி: ஏலத்துல ஆந்தை படம் போட்ட ஏதென்ஸ் வெள்ளிக்காசு ஒண்ணு எடுத்தேன் சார், கிமு 5ம் நூற்றாண்டுன்னாங்க. எடை 15.1 கிராம் காட்டுது, ஓரத்த சுத்தி மெல்லிசா ஒரு கோடு வேற. அசல்தானா?

பதில்: கோடுன்னதுமே எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. அந்தக் காலத்துல ரெண்டு அச்சுக்கு நடுவுல வெள்ளி வில்லைய வெச்சு சுத்தியால ஓங்கி அடிப்பாங்க, விளிம்பு வெடிச்சிருக்கும், படம் ஒரு பக்கமா தள்ளி விழுந்திருக்கும், ஆனா ஓரத்த சுத்தி கோடு வராது. அது மோல்டுல வார்த்ததுக்கு அடையாளம். லென்ஸ் வெச்சு பாருங்க, காத்துக்குமிழ் மாதிரி குட்டி குட்டி குழி இருந்தா முடிஞ்சுது கதை. எடையும் இடிக்குது, அந்த டெட்ராட்ராக்ம், அதாவது நாலு டிராக்மா கிரேக்கக் காசு, சுமார் 17.2 கிராம் இருக்கணும், ரெண்டு கிராம் தேயறதெல்லாம் ரொம்ப அதிகம்.

காசு மேல வெட்டு இருந்தா மட்டும் பயப்படாதீங்க, உள்ள செம்பு இருக்கான்னு அப்பவே செக் பண்ணினது. ஏதென்ஸ்ல கிமு 375 வாக்குல சட்டமே போட்டு, சந்தையில ஒரு அரசாங்க அடிமைய உக்கார வெச்சு சோதிச்சாங்க, உள்ள செம்போ ஈயமோ இருந்தா அங்கயே குறுக்கால வெட்டிடுவார்.

அச்சையே புதுசா செதுக்கி அடிச்ச போலிதான் பெரிய தலைவலி. ஜெர்மனில கார்ல் வில்ஹெல்ம் பெக்கர்னு ஒருத்தர், 1830ல செத்தாரு, புதுப் பளபளப்பு போகணும்னு காச இரும்புத்தூளோட பெட்டில போட்டு குதிரைவண்டில வெச்சு ஊர் சுத்துவாராம், மூளைய பாருங்க!

உங்களுது அவ்ளோ தூரம் போகல, பில்லோட போய் பணத்த திருப்பிக் கேளுங்க.