பாலைவன ஓட்டத்துக்குப் பழைய வண்டி: வாசகர் கேள்வி – பதில்

வேலை மாற்றலாகி சிங்கப்பூரிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் வாசகர்கள் சிலர், மணலில் ஓட்டுவதற்குப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்குவது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கே: குடும்பத்தோடு துபாய்க்கு மாறுகிறோம். வார இறுதிகளில் மணல்மேடுகளுக்குப் போக ஆசை. இங்கே பஜேரோ ஒன்று வைத்திருக்கிறேன். அதையே கொண்டுபோகலாமா? அங்கே வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? பிள்ளைகள் இருவர்.
– ஈசூன் வாசகர்

ப: கொண்டுபோக முடியாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ள வண்டியை அமீரகத்தில் பதிவு செய்ய விடமாட்டார்கள். சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) காலம் முடியும் முன்பே இங்கே பதிவை நீக்கிவிட்டால், மீதமுள்ள காலத்துக்கான சிஓஇ தொகை திரும்பக் கிடைக்கும். அந்தக் கணக்கைப் புறப்படும் முன் முடித்துவிடுங்கள்.

அங்கே வாங்கும் வண்டியில் மூன்று அம்சங்கள் இருந்தாக வேண்டும்: லோ ரேஞ்ச் (வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்) உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), தரையிலிருந்து 200 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரம், 16 முதல் 18 அங்குல ரிம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. மணலில் டயர் காற்றைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி ஓட்டுகிறோம். 20 அங்குல ரிம்மில் டயரின் பக்கச்சுவர் குட்டையாக இருப்பதால் விரிந்து கொடுக்க இடமே இருக்காது, ரிம் நசுங்கும்.

நிசான் பேட்ரோல் ஒய்61 வண்டியின் 4.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும், முன்னும் பின்னும் உள்ள முழு ஆக்சிலும் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு) மணலில் நன்றாக அடி தாங்கும். உதிரிபாகமும் எளிதில் கிடைக்கும். பெட்ரோல் குடிப்பதும் அதிகம்தான். 1998 முதல் 2007 வரை வந்த லேண்ட் க்ரூசர் 100 குடும்பத்துக்கு இன்னும் வசதி. அதன் 4.7 லிட்டர் வி8 எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட். 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எஃப்ஜே க்ரூசர் மணலில் அருமையாக ஓடும். ஆனால் பின்கதவுகளைத் திறக்க முன்கதவைத் திறந்தாக வேண்டும். பின்னால் பார்வை குறைவு. சிறு பிள்ளைகளைக் கார் இருக்கையில் ஏற்றி இறக்கும் வீட்டுக்கு அது தினமும் ஒரு தொல்லை. ஆரம்ப ஆண்டுகளில் வந்ததை வாங்கினால், பானெட்டைத் திறந்து இரு பக்கத் தகடுகளையும் பாருங்கள். குதித்து இறங்கிய வண்டிகளில் அந்தத் தகடு புடைத்து, சில சமயம் விரிசலும் விட்டிருக்கும்.

பஜேரோ ஓட்டிப் பழகியவர் நீங்கள். ஓடும்போதே ஃபோர் வீலுக்கு மாற்ற உதவும் சூப்பர் செலக்ட் அமைப்புள்ள பஜேரோவையே அங்கே வாங்கினால் குறைந்த பணத்தில் நிறைவான வண்டி. முன்பக்க பம்பர் தாழ்வு என்பதால் செங்குத்தான மேடுகளில் மூக்கு இடிக்கும். மற்றபடி புதிதாகக் கற்பவருக்கு நல்ல தேர்வு. எங்கள் ஓட்டு, முதல் வண்டியாகப் பஜேரோவுக்கு. மணல் பிடித்துப்போனால் இரண்டு ஆண்டு கழித்து பேட்ரோலுக்கு மாறலாம்.

கே: வண்டியை நேரில் பார்க்கும்போது எதை எதைச் சோதிப்பது? மெக்கானிக் துணை இல்லாமல் நானே பார்க்கக்கூடியவற்றைச் சொல்லுங்கள்.
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

ப: விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நீங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாதென்று. போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகையையோ சத்தத்தையோ நீங்கள் பார்க்க முடியாது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம்.

மணலில் ஓடிய வண்டிக்கு நாங்கள் முதலிடம் தருவது ஏர் ஃபில்டர் பெட்டிக்கு. கிளிப்பைக் கழற்றித் திறந்தால் ஃபில்டரின் வெளிப்பக்கம் தூசியாகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. ஃபில்டரை எடுத்துவிட்டு, அதைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள் (ஏர் ஃப்ளோ சென்சரில் துணி படாமல்). விரலில் நறநறவென்று பட்டால் அந்த வண்டி வேண்டாம். ஃபில்டர் சரியாக உட்காராமலோ குழாய் வெடித்தோ மணல் உள்ளே போயிருக்கிறது. அது சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்திருக்கும். அப்படிப்பட்ட எஞ்சின் சில மாதம் நன்றாகவே ஓடும். பிறகு ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தால் பட்டறையில் கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டர்களின் அழுத்தத்தை அளப்பது) கேளுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒதுங்குங்கள்.

அடுத்தது குளிர்விக்கும் அமைப்பு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் தெளிவான நிறத்தில் இருக்க வேண்டும். துருநீரோ மேலே எண்ணெய்ப் படலமோ கூடாது. 2005 முதல் 2010 வரையிலான நிசான் எக்ஸ்டெராவில் இது மிக முக்கியம். அதன் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயே ஓடுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் கலந்துவிடும். ஆயில் கலங்கிய இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கியர்பாக்ஸே போய்விட்டதென்று பொருள். புதிய ரேடியேட்டர் மாற்றிய வண்டியா என்று கேட்டு, ரசீதில் உள்ள தேதியைப் பாருங்கள்.

பெல்ட்டில் ஓடும் ரேடியேட்டர் விசிறி என்றால், எஞ்சின் சூடேறிய பின் அணைத்துவிட்டு, சாவியை எடுத்த பிறகு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் விசிறியின் கிளட்ச் தேய்ந்துவிட்டது. நெடுஞ்சாலையில் இந்தக் குறை தெரியவே தெரியாது. 45 டிகிரி வெயிலில், மெதுவான வேகத்தில், மணலேறும்போதுதான் வெப்பமுள் ஏறும்.

பிறகு கீழே படுத்துப் பாருங்கள். சேசிஸ் சட்டத்தில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அதன் அடியில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடங்கள், பின்னச்சை உடம்போடு பிணைக்கும் கம்பிகளின் முனைகள், ஸ்டீயரிங் பெட்டி போல்ட்டுகளைச் சுற்றியுள்ள சட்டம், இவையே விரிசல் தொடங்கும் இடங்கள். முழு ஆக்சில் உள்ள பேட்ரோலிலும் லேண்ட் க்ரூசர் 80 வரிசையிலும் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு உருண்டை மூட்டு தெரியும். அதில் கிரீஸும் ஆயிலும் கலந்து கறுப்பாக வழிந்திருந்தால் உள் சீல் போய்விட்டது. வண்டியை விட்டுவிட வேண்டிய அளவுக்குப் பெரிய குறை இல்லை. பழுதுக்கான செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டும்போது, காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். கடகடவென்று கேட்டால் முன்னச்சின் மூட்டு தேய்ந்தது. லோ ரேஞ்சையும் டிஃபரன்ஷியல் லாக்கையும் (சக்கரங்களை ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு) மண்தரையில் போட்டுப் பார்க்க வேண்டும், விளக்கு எரிகிறதா என்பதோடு சக்கரம் உண்மையில் பூட்டிக்கொள்கிறதா என்றும். சென்டர் டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பாகம்) இல்லாத வண்டியில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு தார்ச்சாலையில் திரும்பாதீர்கள்; அச்சுகள் முறுக்கிக்கொள்ளும்.

காலையில் குளிர்ந்த எஞ்சினைப் பார்த்தாயிற்று. நடுப்பகலில் மறுபடி போய், ஏசியை முழுக்க வைத்து 20 நிமிடம் ஓட்டி, பிறகு நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு வெப்பமுள்ளைப் பாருங்கள். முள் அசையாமல் நின்று ஏசியும் குளிர்ந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கே: உயரம் கூட்டி, 35 அங்குல டயர் போட்டு, விளக்கு, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) எல்லாம் பொருத்திய ஜீப் ரேங்ளர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
– செங்காங் வாசகி

ப: மாற்றம் எதுவும் செய்யாத வண்டியைத் தேடுங்கள். மலிவாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும், அந்த வண்டி கடுமையாக ஓட்டப்பட்டிருப்பதுதான். 5 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தினால் புரோபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி மூட்டுகள் சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங் ஆட்டம் காணும். கியர் விகிதத்தை மாற்றாமல் பெரிய டயர் போட்டால் சுமை முழுவதும் கியர்பாக்ஸ் மேல் விழும். இன்னொன்று, 31 அங்குல டயருக்குப் பதில் 35 அங்குலம் போட்டால் ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும். 100,000 கிலோமீட்டர் என்று தெரிந்தால் உண்மையில் சுமார் 113,000 ஓடியிருக்கலாம்.

அப்படியும் ரேங்ளர்தான் பிடித்திருக்கிறதென்றால் 2012 முதல் வந்த 3.6 லிட்டர் எஞ்சினைத் தேடுங்கள். அதற்கு முந்திய 3.8 மணலில் திணறும். 2012, 2013 வண்டிகளில் இடப்பக்க சிலிண்டர் ஹெட்டில் குறை இருந்தது. டிக் டிக் என்ற சத்தம் வருகிறதா, எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

அது அமெரிக்காவிலிருந்து வந்த வண்டியா என்றும் கேளுங்கள். விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி அங்கே கழித்துக்கட்டிய வண்டிகள் வளைகுடாவில் சரிசெய்யப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. ரேங்ளர் பெரும்பாலும் அமெரிக்காவிலேயே தயாராவதால் சேசிஸ் எண்ணின் முதல் எழுத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வேகமானியில் மைல் பெரிதாகவும் கிலோமீட்டர் சிறிதாகவும் இருந்தால் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. சேசிஸ் எண்ணைக் கொண்டு அதன் பழைய வரலாற்றை இணையத்தில் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். வளைகுடாவுக்கென்றே வந்த வண்டியில் குளிர்விக்கும் அமைப்பும் ஏசியும் அந்த வெயிலுக்கு ஏற்றபடி இருக்கும்.

2024 ஏப்ரல் 16ஆம் தேதி அமீரகத்தில் பெய்த பெருமழையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. ஆகவே உள்ளூர் வண்டியாக இருந்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கையைத் தாங்கும் போல்ட்டுகளில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், மின்கம்பி இணைப்புகளில் பச்சை படிந்திருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை பேச வேண்டியதில்லை.

கே: ஆல் வீல் டிரைவ் என்று போட்டிருக்கும் சாதாரண எஸ்யூவி போதாதா?
– பிடோக் வாசகர்

ப: மணல்மேட்டுக்குப் போதாது. அவற்றில் லோ ரேஞ்ச் கிடையாது. பின்சக்கரத்துக்கு விசை தரும் கிளட்ச் சில நிமிடங்களில் சூடாகித் தானே விடுபட்டுவிடும். பிறகு முன்சக்கரம் மட்டும் சுழன்று குழி பறிக்கும்.

கே: பெர்த்துக்குப் போகிறேன். டீசலா, பெட்ரோலா? சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்க வேண்டும் என்பது நீண்ட நாள் கனவு.
– உட்லண்ட்ஸ் வாசகர்

ப: லான்சலின் போல அருகிலுள்ள மணலுக்கு எதுவும் ஆகும். சிம்ப்சனுக்கு டீசல். மவுன்ட் டேரிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 500 கிலோமீட்டருக்கு எரிபொருள் நிலையமே இல்லை. மணலில் செலவு இரட்டிப்பாகலாம். பெட்ரோல் வண்டியென்றால் கேன் கேனாகச் சுமக்க வேண்டிவரும், எடை கூடக் கூட மேடேறுவதும் கடினம்.

டீசலிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் பேட்ரோலில் வந்த 3.0 லிட்டர் எஞ்சின் பிஸ்டன் உருகுவதற்குப் பெயர்போனது. அதைத் தவிர்த்து பழைய 4.2 லிட்டரைத் தேடுங்கள். லேண்ட் க்ரூசர் 200இன் 4.5 லிட்டர் வி8 டீசல் வலுவானது. ஆனால் அதன் ஆரம்ப வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டி வழியே தூசி புகுந்ததுண்டு. மேலே சொன்ன வெள்ளைத் துணிச் சோதனையை மறக்காதீர்கள்.

கோடையில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, சிம்ப்சன் பூங்கா மூடப்படும். மேட்டின் மறுபக்கம் வரும் வண்டிக்குத் தெரியும்படி உயரமான கொடி கட்டாயம்.

கே: என்னிடம் இருப்பது 3ஏ உரிமம் (ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டும்). ஆட்டோ கியர் வண்டி மணலுக்குச் சரிப்படுமா?
– பொங்கோல் வாசகி

ப: நன்றாகவே சரிப்படும். மேட்டின் நடுவில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தால் வேகம் அறுந்து வண்டி நின்றுவிடும். ஆட்டோவில் அந்தச் சிக்கல் இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் சூடாவதுதான் அதன் பலவீனம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நியூட்ரலில் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். அணைத்தால் ஆயில் சுற்றுவது நின்று சூடு இறங்காது. வாங்கும் முன் ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள் (குச்சியே இல்லாத வண்டிகளில் பட்டறையில்தான் பார்க்க முடியும்). கருகிய வாடை அடித்தால் வேண்டாம். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை (வண்டி சறுக்காமல் தடுக்கும் அமைப்பு) அணைக்க முடிகிறதா என்றும் கேளுங்கள். அது வேலை செய்துகொண்டிருந்தால், மேடேறும்போது தானாகவே விசையைக் குறைத்துவிடும். டொயோட்டா வண்டிகள் பலவற்றில் வண்டி நிற்கும்போது பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால்தான் முழுதாக அணையும்.

கே: வாங்கிய பிறகு முதல் செலவு எதற்கு?
– அங் மோ கியோ வாசகர்

ப: ஆயில்களுக்கும் டயருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு டிஃபரன்ஷியல் எல்லாவற்றிலும் ஆயிலை மாற்றுங்கள். டிஃபரன்ஷியல் திருகின் காந்தத்தில் மைபோன்ற பொடி ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புச் சில்லு இருந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை, பட்டன் ஆழம் எவ்வளவு இருந்தாலும், அந்த வெயிலில் நம்பாதீர்கள்.

அடுத்து, நம்பகமான காற்றழுத்தமானியும் பேட்டரியில் நேரடியாக மாட்டும் கம்ப்ரஸரும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய கம்ப்ரஸர் நான்கு பெரிய டயரை நிரப்புவதற்குள் சூடாகி நின்றுவிடும். மணலில் இறங்கும் முன் 35 பிஎஸ்ஐயிலிருந்து 15க்கு இறக்குங்கள். சிக்கினால் 12 வரை போகலாம்; அப்போது வேகமாக வளைக்கக் கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சாலை ஏறும் முன் கட்டாயம் நிரப்ப வேண்டும்.

நீண்ட கைப்பிடி மண்வெட்டி, இரண்டு மணல் பலகை, இழுவைக் கயிறு, அதற்கேற்ற இரண்டு ஷேக்கிள் (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்), தீயணைப்பான், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர். இரண்டு வண்டிக்குக் குறைந்து போகாதீர்கள். வண்டியின் முன்னும் பின்னும் இழுவைக்கென்று சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பொருத்திய பிறகே மணலுக்குப் போங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றை ஒருபோதும் மாட்டக் கூடாது. இழுவிசையில் அது முறிந்து கயிற்றோடு பறந்து வந்து உயிரைக் குடித்திருக்கிறது.