மொட்டைமாடிக் கொட்டகையில் எலக்ட்ரிக் கிடார்: கேட்டதும் சொன்னதும்

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எட்டடிக்குப் பத்தடி தகரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. பகலில் எனக்கு வேறு வேலை. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் கிடப்பேன். இதுவரை ஒன்பது எலக்ட்ரிக் கிடார் செய்திருக்கிறேன், அதில் இரண்டை யாருக்கும் காட்டமாட்டேன். பெங்களூருத் தமிழ் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவர், மர்பி டவுன்: அண்ணா, என்கிட்ட டிரில் மிஷின் மட்டும்தான் இருக்கு. முழுக் கிடாரையும் கையாலயே பண்ணணும்னு ஆசை. எங்க ஆரம்பிக்கட்டும்?

முதல் கிடாருக்கு நெக்கை, அதாவது விரல் ஓடும் நீளக் கழுத்தை, ரெடிமேடாக வாங்கிக்கொள் தம்பி. ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை. பாடி, அதாவது உடல்கட்டையின் வளைவில் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் அது உன் டிசைன் என்று சொல்லித் தப்பிக்கலாம். நெக்கில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே கையும் காதும் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் ஊர் ஆசாரி கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கதவு நிலைக்கு அது சின்ன அளவு. கிடாரில் அது அடுத்த தெரு.

ஜிக்சா, மரத்தில் குழி குடையும் ரூட்டர், நல்ல அரம், நாலைந்து கிளாம்ப், ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல் போதும். கட்டையை வெட்டுவதற்கு முன்னால் அதன் நடுவில் ஒரு கோடு போடு. பென்சிலால் வேண்டாம், கத்தி முனையால் கீறு. பென்சில் கோட்டுக்கே அரை மில்லி தடிமன் உண்டு. நெக் உட்காரும் குழி, கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தச் சுருளான பிக்கப்பின் குழி, பாடியில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாவற்றையும் அந்தக் கீறலிலிருந்துதான் அளக்க வேண்டும், பாடியின் ஓரத்திலிருந்து ஒருபோதும் அளக்காதே. நெக்கை மாட்டியபின், அதன் தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் சின்னப் பட்டையான நட்டின் இரண்டு ஓரத்திலும் தையல் நூலைக் கட்டி பிரிட்ஜ் வரை இழுத்துப் பிடி. இரண்டு நூலும் நெக்கின் மேலுள்ள விரல்பலகையான ஃப்ரெட்போர்டின் இரு ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் ஓடினால்தான் பிரிட்ஜுக்குத் துளை போடலாம். என் இரண்டாவது கிடாரில் இந்தப் பத்து நிமிஷ வேலைக்குச் சோம்பல்பட்டேன். மெல்லிய ஈ கம்பி ஃப்ரெட்போர்டை விட்டு வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. காட்டமாட்டேன் என்ற இரண்டில் அது ஒன்று.

ஐ.டி. ஊழியர், பெல்லந்தூர்: என்ன மரம் சார்? மேப்பிள், ஆல்டர்னு எல்லாரும் சொல்றாங்க. இங்க கிடைக்குமா?

அமெரிக்காக்காரன் அவன் ஊரில் கிடைத்த மரத்தில் செய்தான். நாம் நம் மரத்தில் செய்யலாம். மைசூர் ரோடு பக்கம் மரக்கடைகளில் போய்க் கேளுங்கள். பாடிக்கு 18 அங்குல நீளம், 14 அங்குல அகலம், ஒன்றே முக்கால் அங்குலக் கனம் போதும். கணக்குப் போட்டால் கால் கன அடிதான் வரும். அவ்வளவு கொஞ்சமாகக் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். கதவுக்கு அறுத்ததில் மிச்சம் விழுந்த துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள், முகம் மலரும்.

பாடிக்கு மகோகனி நல்லது. உளிக்குப் பணியும், ரொம்பக் கனக்காது. பலா எனக்குப் பிடித்த மரம். வீணைக்கு ஆகி வந்த மரம் கிடாருக்கு ஆகாதா? புதிதில் மஞ்சளாக இருந்து, வருஷம் போகப்போகப் பழுப்பேறும். கையைப் பழக்கிக்கொள்ள சில்வர் ஓக் போதும், குடகுக் காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏற்றி வைத்திருப்பார்களே அதுதான். தேக்கில் செய்யலாம், ஆனால் அதில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுகிற இரண்டு முகத்தையும் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காமல் விட்டுவிடும். ஃப்ரெட்போர்டுக்கு ஈட்டி மரத்துக்கு, அதாவது ரோஸ்வுட்டுக்கு, மேல் எனக்கு எதுவும் தெரியாது. பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். காட்டிலாகா கட்டுப்பாட்டில் உள்ள மரம் அது. 2017லிருந்து உலக வணிகத்திலும் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கொடுத்தார்கள், பலகைக்குக் கொடுக்கவில்லை.

மரத்தின் ஜாதியைவிட அதிலுள்ள ஈரம்தான் முக்கியம். ஒரு கடையில் 'நல்லா காஞ்சது சார், ரெண்டு வருஷம்' என்று சொல்லி ஒரு தேக்குச் சட்டம் கொடுத்தார்கள். நம்பி நெக் செதுக்கினேன். நாலாவது மாதம் எடுத்துப் பார்த்தால் ஹெலிகாப்டர் இறக்கை மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் ஈரமானி இல்லாமல் மரக்கடைப் படி ஏறுவதில்லை. 12 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நெக்குக்கு எடுக்கமாட்டேன். எடுத்ததையும் கொட்டகையில் சில மாதம் சும்மா கிடக்கவிடுவேன். நெக்குக் கட்டையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். ஓரத்து வெளிறிய இளமரம் வேண்டாம், நடுவில் வைரம் பாய்ந்த பகுதியாகக் கேளுங்கள். என்ன மரம் என்பதிலேயே சந்தேகம் என்றால் மல்லேஸ்வரத்தில் மத்திய அரசின் மர ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒரு துண்டைக் காட்டிக் கேட்கலாம்.

அவரே மறுபடியும்: மரத்தை வெச்சு டோன் மாறுமா?

கொஞ்சம் மாறலாம். பிக்கப்பை ஒரு மில்லி ஏற்றி இறக்கினால் அதைவிட அதிகம் மாறும். இந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

இசை ஆசிரியை, அல்சூர்: ஃப்ரெட் இடைவெளியை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? வீணையில் மெழுகில்தானே வைக்கிறார்கள், இதிலும் காதால் சரிசெய்ய முடியாதா?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் அம்மா. வீணையில் மெழுகு இளகும். மேளம் கட்டுகிறவர், அதாவது மெட்டு வைக்கிறவர், கேட்டுக் கேட்டு மெட்டை நகர்த்துவார். கிடாரில் அந்த மெட்டுக்குத்தான் ஃப்ரெட் என்று பேர், அதற்கு ரம்பம் போட்ட பள்ளம் போட்டதுதான், நகராது. அதனால் காதின் வேலையை முன்கூட்டியே எண் செய்ய வேண்டும்.

கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 17.817ஆல் வகுத்தால் 36.37 வரும். நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கு அவ்வளவு தூரம். மிச்சம் 611.63. அதை மறுபடி 17.817ஆல் வகுத்தால் 34.33, அது அடுத்த இடைவெளி. இப்படியே போனால் 12ஆவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 324இல் வந்து உட்காரும். அதுதான் மேல் ஸ்தாயி ஸா. பழைய காலத்தில் ஐரோப்பாவில் 18ஆல் வகுத்தார்கள். சின்ன வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் 12ஆவது மெட்டு 321.6இல் வந்து நிற்கும். இரண்டே கால் மில்லிக்கு மேல் குறைகிறது. உங்கள் காதுக்கு அது நாராசம்.

கணக்கைத் தொடர்ச்சியாகப் போடுங்கள், ஆனால் அளவை அப்படி வைக்காதீர்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் ஒவ்வொரு தடவையும் விடும் சின்னத் தவறு மூட்டையாகச் சேரும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து கீறுங்கள்: 36.4, 70.7 என்று.

அதே ஆசிரியை: கமகம் வாசிக்க ஃப்ரெட்டுக்கு நடுவில் மரத்தைக் குடைவார்களாமே?

ஆமாம், ஸ்கேலப் என்பார்கள். விரல் மரத்தில் உரசாது, கம்பியைப் பக்கவாட்டில் இழுப்பது சுலபம், வீணையில் இழுக்கிற சுகம் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அழுத்திப் பிடிக்கிற கை உள்ளவர்களுக்குச் சுருதி ஏறிவிடும். முதலில் 12க்கு மேல் மட்டும் குடைந்து ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். குடைந்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. உயரமான ஃப்ரெட் கம்பி போட்டாலே பாதி சுகம் வந்துவிடும்.

இன்ஜினியர், ஒயிட்ஃபீல்ட்: பீன்யாவில் சி.என்.சி. என்ற கம்ப்யூட்டர் வெட்டு மிஷினில் வெட்டிக்கொண்டால் அது கையால் செய்ததாகுமா?

உங்கள் மனசாட்சி. டெம்ப்ளேட்டை, அதாவது மாதிரி அச்சை, அங்கே அக்ரிலிக்கில் லேசரில் வெட்டிக்கொண்டு வருவேன், மரத்தில் ரூட்டர் நான்தான் பிடிப்பேன்.

டெலிவரி வேலை பார்ப்பவர், ஸ்ரீராம்புரம்: அண்ணே, நானே வயரிங் பண்ணினேன். ஆம்ப்ல போட்டா ஓயாம 'ம்ம்ம்'னு சத்தம். கம்பியத் தொட்டா கொறையுது.

தொட்டால் குறைகிறதா? அப்போது பயம் இல்லை தம்பி. பிரிட்ஜிலிருந்து எர்த் வயர் சரியாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். உங்க உடம்பு ஏரியல் மாதிரி சத்தத்தை வாங்கிக் கொடுக்கிறது, தொட்டதும் அது எர்த்தோடு சேர்ந்து அடங்குகிறது. ஒற்றைக் காயில், அதாவது ஒரே சுருள் உள்ள பிக்கப்பில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். குழிகள் முழுக்கச் செப்பு டேப் ஒட்டி, துண்டுக்குத் துண்டு ஒரு சொட்டு ஈயம் வைத்து எர்த்தோடு சேருங்கள். எஸ்.பி. ரோட்டில் டேப் கிடைக்கும். அப்படியே பாட், அதாவது வால்யூம் திருகு, என்ன மதிப்பு என்று பாருங்கள். ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். ஹம்பக்கரில் இரண்டு காயில், எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் சத்தம் கூடும்.

தொட்டால் சத்தம் கூடினாலோ சுருக்கென்று இழுத்தாலோ உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த்தே இருக்காது. கிடாரைப் பிரிப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இல்லத்தரசி, ஜெயநகர்: பையன் பால்கனியில் மரம் இழைக்கிறான். தூசி வீடு முழுக்க. ஆபத்து உண்டா?

உண்டு மேடம். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பு, மூச்சிரைப்பு கொடுக்கும். சாதாரணத் துணி மாஸ்க் போதாது, என்95 வாங்கிக் கொடுங்கள். ரூட்டர் ஓடும்போது கண்ணாடி கட்டாயம், முழுக்கை சட்டையும் மோதிரமும் கூடாது. திட்டாமல் ஒரு வேக்குவம் கிளீனரும் வாங்கிக் கொடுங்கள்.

கடை வைத்திருப்பவர், சிவாஜிநகர்: மார்ச் மாசம் ஆனா நெக் ஓரத்துல ஃப்ரெட் முனை கையைக் கீறுதே, ஏன்?

நம்ம ஊர்க் காற்று அப்போது நன்றாகக் காய்ந்துவிடும். மரம் அகலவாட்டில் சுருங்கும், உலோகம் சுருங்காது, முனை துருத்திக்கொள்ளும். மெல்லிய அரத்தால் சாய்வாக இரண்டு இழுப்பு போதும். அதை மழைக்காலத்தில் செய்யாதீர்கள். பாலிஷ் வேலையையும் மழையில் வைத்துக்கொள்ள வேண்டாம், லாக்கர் பூச்சு வெள்ளை பூத்துவிடும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஃப்ரேசர் டவுன்: கும்பகோணத்தில் எங்கள் பாட்டன் வீட்டை இடித்தபோது ஒரு தேக்கு நிலைக்கட்டையை எடுத்து வந்தேன். பேரனுக்குக் கிடார் ஆகுமா?

தாராளமாக ஆகும் ஐயா. 1963இல் இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பையனும் அவன் அப்பாவும் பழைய கணப்படுப்புச் சட்டத்திலிருந்து ஒரு கிடார் நெக் செதுக்கினார்கள். மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கும் அம்மாவின் தையல் பெட்டிப் பொத்தான்களும்கூட அதில் போயின. பிறகு குவீன் என்ற ராக் குழுவில் பெரும்பாலும் அதைத்தான் வாசித்து வருகிறார்.

பாட்டன் காலத்துக் கட்டை என்றால் இனிமேல் முறுக்க அதில் அதிகம் மிச்சம் இருக்காது. ஒரே பயம் ஆணிதான். மாவிலைத் தோரணம் கட்ட நிலையில் தலைமுறை தலைமுறையாக ஆணி அடித்திருப்பார்கள். தலை ஒடிந்து உள்ளேயே கிடக்கும், வெளியே தெரியாது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, கட்டை மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டம் போட்ட கட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எந்தப் பக்கம் நெக் எடுக்கலாம் என்று பார்க்கலாம்.