அடுத்த காருக்கு எது: மின்சாரமா, ஹைட்ரஜனா, எத்தனாலா?

கேள்வி: அடுத்த ஆண்டு கார் வாங்கப் போகிறேன். மின்சாரம், ஹைட்ரஜன், எத்தனால், சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்கு எதிர்காலம் இருக்கிறது?

2006-இல் பெங்களூரு ஜெயநகரில் குடியிருந்தபோது எங்கள் வீட்டு ஓனரிடம் ஒரு ரேவா இருந்தது. பெங்களூரிலேயே செய்து 2001-இல் விற்பனைக்கு வந்த மின்சாரக் கார் அது. முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள். பெரியவர் யாராவது பின்னால் ஏறினால் முழங்கால் காதைத் தொடும். எட்டு பேட்டரிகள், எல்லாம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற அதே ஈய அமில ஜாதி. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் 80 கிலோமீட்டர் என்று சொல்லி விற்றார்கள். ஓனர் அதைப் பக்கத்திலிருந்த காந்தி பஜாரைத் தாண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை. "ஏசி போட்டால் வீடு திரும்ப ஆட்டோதான்" என்பார். மின்சாரக் கார் என்பது வசதியுள்ளவர்களின் விளையாட்டுச் சாமான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இப்போது மூன்று வருடமாகக் கோயம்புத்தூரில் நான் ஓட்டுவது மின்சாரக் கார்தான்.

இடையில் மாறியது மோட்டார் இல்லை. மோட்டார் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. 1900 வாக்கில் அமெரிக்க நகரங்களில் மின்சாரக் கார்கள் சாதாரணமாக ஓடின. பெட்ரோல் காரைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்த காலம் அது. 1912-இல் கேடிலாக் காரில் மின்மோட்டாரே சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் வந்ததும் கதை திரும்பியது. மின்சாரக் காரின் கதையை முடித்ததில் ஒரு குட்டி மின்மோட்டாருக்கும் பங்கு உண்டு!

மாறியது பேட்டரி. சோனி 1991-இல் லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது கேமராவுக்காக வந்த சரக்கு. 2010-இல் கார் பேட்டரியில் ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கும் அளவுக்கு விலை ஆயிரம் டாலருக்கு மேல். 2024-இல் அதுவே உலகச் சராசரியாக 115 டாலர். கூடவே லித்தியம் பேட்டரியிலேயே இரும்பு பாஸ்பேட் வகை, அதாவது எல்எஃப்பி, பரவியது. எடைக்கு எடை கொஞ்சம் குறைவான மின்சாரம்தான் பிடிக்கும். ஆனால் சூட்டைத் தாங்கும், ஆயுள் அதிகம், கோபால்ட் என்ற விலை உயர்ந்த உலோகம் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன்.

ஹைட்ரஜனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2022-இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி டொயோட்டா மிராய் என்ற ஹைட்ரஜன் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது நினைவிருக்கும். புகைக்குழாயில் தண்ணீர்தான் வரும், ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் இடிக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்து, 700 பார், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 700 மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கி டேங்கில் அடைக்க ஏறக்குறைய 55 யூனிட் மின்சாரம் ஆகும். அந்த ஒரு கிலோவில் மிராய் சுமார் 100 கிலோமீட்டர் போகும். அதே 55 யூனிட்டை என் வண்டிக்கு ஏற்றினால் 350 கிலோமீட்டர். எங்கேயோ மின்சாரம் மிஞ்சிக் கிடந்தாலொழிய மூன்று மடங்கு செலவழித்து யார் சுற்றுவழியில் போவார்கள்? கலிஃபோர்னியாவில் கார்களுக்காக வைத்திருந்த ஹைட்ரஜன் பங்க்குகளை ஷெல் 2024-இல் மூடிவிட்டது. உரம், எஃகு ஆலைகளுக்கு ஹைட்ரஜன் வேண்டும். காருக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எத்தனால், அதாவது கரும்பு, தானியத்திலிருந்து எடுத்து பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம், வேறு விவகாரம். பிரேசில் 1975-லிருந்து கரும்பை நம்பி அதைச் செய்கிறது, அங்கே நிலமும் மழையும் இருக்கிறது. நாம் 20 சதவீதக் கலப்பை 2030-க்கு என்று வைத்திருந்து 2025-க்கே இழுத்துக்கொண்டோம். எண்ணெய் இறக்குமதி குறைகிறது, கரும்பு விவசாயிக்குப் பணம் வருகிறது, சரி. ஆனால் மக்காச்சோளமும் இப்போது எத்தனாலுக்குப் போகிறது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் வெளியிலிருந்து மக்காச்சோளம் வாங்கும் நிலைக்கு வந்தது. தீவன விலை என்ன ஆனது என்று நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். மைலேஜும் குறையும். வெறும் பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்றபடி சரிசெய்த கார்களில் 20 சதவீதக் கலப்பைப் போட்டால் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று மத்திய அரசின் கொள்கைக் குழுவான நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கிறது. என்னைக் கேட்டால் எத்தனால் ஒரு விவசாயக் கொள்கை, அதைக் கார் தொழில்நுட்பமாகப் பார்க்கவே கூடாது.

என் கணக்கைச் சொல்கிறேன். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி சார்ஜ். இரண்டு மாத இபி பில் முன்பு 900 ரூபாய் சொச்சம், இப்போது 4,300 பக்கம். 500 யூனிட்டைத் தாண்டியதும் சலுகை விகிதம் போய்விடுவதை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. அப்படியும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான் வருகிறது. பழைய பெட்ரோல் வண்டிக்கு ஏழு ரூபாய் ஆனது.

வெளியூர்ப் பயணம்தான் சோதனை. போன மே மாதம் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனோம். திண்டுக்கல்லைத் தாண்டி ஒரு சார்ஜிங் இடத்தில் நிறுத்தத் திட்டம். செயலியில் பச்சை காட்டியது, போய்ப் பார்த்தால் சார்ஜ் ஏற்றும் கன் வேலை செய்யவில்லை. அடுத்தது 20 கிலோமீட்டர் தள்ளி, வண்டியில் 11 சதவீதம். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர்ந்து போனேன். மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பஸ்லயே வந்திருக்கலாம் மாப்பிள்ளை" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ராத்திரி உங்கள் வண்டி எங்கே நிற்கும்? சொந்த போர்ட்டிகோவும் பிளக்கும் இருந்து, தினசரி ஓட்டம் ஊருக்குள்தான் என்றால் மின்சாரக் கார் வாங்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். தெருவில் நிறுத்துபவர் என்றால் இப்போதைக்குப் பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் அல்லது சிஎன்ஜி.

சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கும் மின்சாரக் கார்மேல்தான் ஆசை. தீப்பிடிக்கும் என்று சொல்லி பார்க்கிங்கில் ஒரு பிளக் வைக்கக் குடியிருப்போர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதம் மல்லுக்கட்டிவிட்டு சிஎன்ஜி வண்டி எடுத்தான். பொங்கலுக்கு அதில்தான் ஊருக்குப் போனோம். டிக்கியில் சிலிண்டர். ஐந்து மணிநேரமும் என் பெட்டி என் மடியில்.