அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) திகில் படங்களில் வெவ்வேறு நாட்டு மக்களை ஒழுங்காகக் காட்டுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. ஜப்பானில் கதை நடந்தால் வெளிநாட்டுக்காரர் ஒரு தமாஷ் பாத்திரம். ஐரோப்பாவில் நடந்தால் எல்லாரும் சுத்தமான ஜப்பானிய மொழியில் பொளந்து கட்டுவார்கள். விதிவிலக்காக எனக்குச் சட்டென்று தோன்றுவது 2000இல் வந்த 'ப்ளட்: தி லாஸ்ட் வாம்பயர்'. மொத்தமே 48 நிமிடம்தான்.

கதை 1966இல், டோக்கியோவுக்கு மேற்கே யொகோட்டாவில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்தில் நடக்கிறது. வியட்நாம் போர்க் காலம். மனித உருவில் ஒளிந்திருக்கும் ரத்தம் குடிக்கும் ஜந்துக்களைத் தேடி, தளத்துப் பள்ளிக்கூடத்துக்குள் மாணவியாக நுழைகிறாள் சாயா. மற்ற பிள்ளைகள் இஷ்டப்பட்ட உடையில் வர, இவள் மட்டும் ஜப்பானியப் பள்ளிச் சீருடையில், மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு நிற்பாள்.

முதல் தடவை பார்த்தபோது தப்பான ஆடியோவைப் போட்டுவிட்டேனோ என்று செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். படத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான்! டப்பிங் இல்லை, எடுத்ததே அப்படி. ஜப்பானியப் படத்தை ஜப்பான்காரர்களே சப்டைட்டிலோடு பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்கத் தளத்தில் அமெரிக்கர்கள் வேறு எந்த மொழியில் பேசுவார்கள்? சாயாவுக்குக் குரல் கொடுத்த யூகி குதோ இரண்டு மொழியையும் தானே பேசியிருக்கிறார். அமெரிக்க அதிகாரியிடம் ஆங்கிலத்தில் எரிந்து விழுபவள், தளத்துப் பள்ளிக்கூட நர்ஸிடம் ஜப்பானிய மொழிக்கு மாறுவாள். அந்த மாற்றத்திலேயே யார் யாருக்கு அந்நியம் என்பது புரிந்துவிடும்.

அந்த நர்ஸை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவயது, கொஞ்சம் பருமன், பயந்தால் அலறுவார், ஓடினால் மூச்சு வாங்கும். அனிமேயில் இப்படி ஒரு பெண்மணியைக் கதையின் சாட்சியாக வைப்பது அபூர்வம். 2009இல் இதையே நடிகர்களை வைத்து எடுத்தபோது சாயாவாக ஒரு கொரிய நடிகை நடித்தார், அது பரவாயில்லை. ஆனால் நர்ஸின் இடத்தில் ஜெனரலின் மகளான ஓர் அமெரிக்க இளம்பெண்ணைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

2000ஆம் வருடத்துப் படத்திலும் குறை உண்டு. தளத்து வேலிக்கு வெளியே வாழும் ஜப்பானியர்களை அதிகம் பார்க்க முடியாது. வியட்நாம் போர் படம் நெடுக நிழலாக வருகிறது, ஆனால் ஒரு வியட்நாமியர்கூடப் பேசுவதில்லை.

ஆனாலும் ஓடுபாதைக் காட்சி ஒன்று இருக்கிறது. சாயாவும் உண்மையில் ஒரு ரத்தக்காட்டேரிதான். பறந்து தப்பிக்கப் பார்த்த ஜந்துவை அவள் வெட்டி வீழ்த்துகிறாள். அது சாகக் கிடக்கும்போது குனிந்து, தன் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாக அதன் வாயில் விடுகிறாள். ஒரு வசனமும் இல்லை. அமெரிக்கரும் இல்லாமல் ஜப்பானியரும் இல்லாமல் நிற்பவளுக்கு அங்கே இருந்த ஒரே சொந்தம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.