வேதியியலையும் விட வேண்டாம், எழுத்தையும் விட வேண்டாம்

சென்ற வாரம் ஆலோசனை கேட்டு என்னைச் சந்தித்த ஒரு குடும்பத்தின் குழப்பம், கல்லூரியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வேறு பலருக்கும் இருக்கக்கூடியது என்பதால், அவர்களிடம் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். மகள் வேதியியல் இளநிலைப் படிப்பில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள ஆங்கில எழுத்துப் பயிற்சிப் பாடத்துக்காக ஒரே கட்டுரையை நான்கு முறை திருத்தி எழுதியிருக்கிறாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போய்விட்டன. இதைத் தந்தையார் ஒரு குற்றச்சாட்டைப் போலச் சொன்னார். தாயாரின் கவலை வேறு: திரும்பி வந்த தாள்கள் முழுவதும் பேராசிரியரின் திருத்தக் குறிகள் இருந்ததால், பெண்ணுக்கு ஆங்கிலமே கைகூடவில்லையோ என்று அஞ்சினார். போதாக்குறைக்குச் சித்தப்பா ஒருவர், வேதியியலை இத்துடன் நிறுத்திவிட்டுத் தரவு அறிவியலில் புதிதாகச் சேர்த்துவிட வேண்டும், தாமதித்தால் இடம் போய்விடும் என்று நாள்தோறும் தொலைபேசியில் வற்புறுத்திக்கொண்டிருக்கிறார். கல்விக் கடன் விண்ணப்பத்தைக்கூட நிரப்பி எடுத்து வந்திருந்தார்கள்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பல பெற்றோர் வருகிறார்கள். ஆனால் அந்தப் பெண் கொண்டுவந்திருந்த நான்கு வரைவுகளையும் வரிசையாகப் படித்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கவலைப்பட வேண்டிய தாள் ஒன்று மேசைமேல் இருக்கத்தான் செய்தது: அந்தக் கடன் விண்ணப்பம்.

அவளுக்குக் கொடுக்கப்பட்ட பணி இதுதான். சாயக் கழிவுநீரிலிருந்து நிறத்தை நீக்கக் கரித்தூளைப் பயன்படுத்திய இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் மாறுபட்ட முடிவுகளைச் சொல்கின்றன; அவற்றைச் சுருக்கி, எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எழுத வேண்டும். முதல் வரைவில் இரண்டு கட்டுரைகளையும் தான் படித்த வரிசையிலேயே ஒப்பித்திருந்தாள். இரண்டாவதில் சொற்களை மட்டும் மாற்றியிருந்தாள். மூன்றாவது வரைவின் நடுவில், இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு அமிலத்தன்மையுள்ள நீரில் நடத்தப்பட்டவை என்பதைக் கவனித்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். நான்காவது வரைவு அந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்கியது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, வெவ்வேறு நிலைமைகளைப் பற்றிப் பேசுகின்றன என்று காட்டி முடித்தது. பேராசிரியர் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. திருத்தி எழுதும்போது அவளுக்கே புலப்பட்டது.

தந்தையாரிடம் நான் கேட்டது ஒன்றே: இதை வீணான மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நான்சி சாமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-இல் வெளியிட்ட ஆய்வில் 20 கல்லூரி மாணவர்களையும் எழுத்தில் அனுபவமுள்ள 20 பெரியவர்களையும் ஒப்பிட்டார். திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது, திரும்ப வந்த சொல்லை நீக்குவது என்றே மாணவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். அனுபவசாலிகளோ தங்கள் வாதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதைத்தான் திருத்தம் என்றார்கள். இந்தப் பெண்ணின் இரண்டாவது வரைவுக்கும் நான்காவது வரைவுக்கும் இடையில் இருப்பது அந்தத் தொலைவுதான். பட்டம் வாங்கி வெளியே போகும் வரை பலர் அதைக் கடப்பதில்லை.

தாயாரின் அச்சத்துக்கும் பதில் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் தன் கதவுகளை நகரில் பள்ளிப் படிப்பை முடித்த எல்லா மாணவர்களுக்கும் திறந்தபோது, அங்கே கற்பித்த மினா ஷாக்னெஸ்ஸி, புதிதாக வந்தவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளைப் படித்து, பிழைகள் கண்டபடி விழுவதில்லை, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கும் காரணமும் இருக்கின்றன என்று காட்டினார். இந்தப் பெண்ணின் தாள்களையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். திருத்தக் குறிகளில் பெரும்பகுதி இரண்டே வகையைச் சேர்ந்தது: பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் a, the போன்ற சிறு சொற்கள் விடுபடுவது, ஒரே பத்தியில் காலம் மாறுவது. முதலாவதற்குத் தமிழில் நேர் இணையான இலக்கணக் கூறு கிடையாது. அதனால் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அது எளிதில் தொல்லை கொடுக்கும். ஒரு குறிப்பேட்டில் தன் பிழைகளை வகைப்படுத்தி எழுதி, ஒவ்வொரு கட்டுரையையும் ஒப்படைப்பதற்கு முன் அந்த இரண்டு வகைக்காக மட்டும் ஒரு முறை படித்தால் கணிசமாகக் குறைந்துவிடும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட, நல்ல பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் எழுத்து ஏமாற்றமளித்ததால்தான் ஹார்வர்டு பல்கலைக்கழகமே 1885-இல் எழுத்துப் பயிற்சியை முதலாண்டுப் பாடமாக வைத்தது என்பதையும் தாயார் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி எதிர்காலத்துக்கு வருவோம். தரவு அறிவியல், மேலாண்மை, ஆசிரியப் பணி, ஆராய்ச்சிப் பட்டம் ஆகியவற்றைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல உறவினர்களே போதும். வேதியியல் தெரிந்து, தெளிவாகவும் எழுதத் தெரிந்தவர்களுக்கென்று ஒரு துறை இருக்கிறது. அதை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒழுங்குமுறை ஆவண எழுத்து என்று அதைச் சொல்லலாம். துறையில் இருப்பவர்கள் ரெகுலேட்டரி ரைட்டிங் என்றே சொல்கிறார்கள்.

ஒரு மருந்தை விற்பனைக்குக் கொண்டுவர விரும்பும் நிறுவனம், அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பெரியதொரு ஆவணத் தொகுதியை ஒப்படைக்க வேண்டும். அந்தத் தொகுதி எப்படி அடுக்கப்பட வேண்டும் என்பதற்கு மருந்து விதிகளை ஒத்திசைக்கும் ஐ.சி.எச். என்ற பன்னாட்டு அமைப்பின் வழியாக 2000-ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது, சி.டி.டி. எனப்படும் அந்தப் பொது வடிவத்தில் 5 பகுதிகள் உண்டு. முதற்பகுதி அந்தந்த நாட்டின் நிர்வாகத் தேவைகளுக்கானது. நான்காவது விலங்குகளிலும் ஆய்வகத்திலும் நடந்த சோதனைகள், ஐந்தாவது மனிதர்களிடம் நடந்த சோதனைகள். மூன்றாவது பகுதி முழுவதும் வேதியியலாளரின் நிலம்: மருந்துப் பொருள் எப்படித் தயாரிக்கப்படுகிறது, அதில் எந்த மாசுகள் எவ்வளவு இருக்கலாம், அந்த வரம்பை ஏன் அப்படி வைத்தோம், எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், அதற்கு என்ன சான்று. இரண்டாவது பகுதி இவற்றின் சுருக்கங்களால் ஆனது. மூன்றாவது பகுதியின் முழு உள்ளடக்கத்தையும் சுருக்கித் தரும் தரச் சுருக்கம், அட்டவணைகளும் படங்களும் நீங்கலாக, வழக்கமான மருந்துகளுக்கு 40 பக்கங்களைத் தாண்டக்கூடாது என்று வழிகாட்டி சொல்கிறது. குவியல் குவியலாக இருக்கும் ஆய்வக அறிக்கைகளைப் படித்து, மதிப்பீட்டாளர் எதைக் கேட்பார் என்று முன்கூட்டியே யூகித்து, எதையும் மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் 40 பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டு ஆய்வுகளைச் சுருக்கி எடைபோடும் அந்தக் கல்லூரிப் பணி, இதே வேலையின் சின்ன வடிவம்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஆவணம், அவள் ஆய்வகத்தில் நாள்தோறும் பார்ப்பது: ஒவ்வொரு வேதிப்பொருளுடனும் வரும் பாதுகாப்புத் தரவுத் தாள். ஐக்கிய நாடுகள் அவை 2003-இல் முதன்முதலாக வெளியிட்ட வகைப்பாட்டு முறைப்படி அதில் 16 பிரிவுகள் மாறாத வரிசையில் இருக்க வேண்டும். அபாயங்கள் எவை என்பது இரண்டாவது, முதலுதவி நான்காவது, பாதுகாப்புக் கவசங்கள் எட்டாவது. விபத்து நடந்த நிமிடத்தில் தாளைப் புரட்டுகிறவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த நிலையான வரிசை. கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதற்கான வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் நிலைமை சொல்லப்படுகிறது, பிறகு சில நிமிடங்கள் நீரால் கவனமாகக் கழுவச் சொல்கிறது, பிறகு கான்டாக்ட் லென்ஸ் இருந்து எளிதில் எடுக்க முடிந்தால் எடுக்கச் சொல்கிறது, கடைசியில் தொடர்ந்து கழுவச் சொல்கிறது. லென்ஸை எடுப்பதை முதலில் வைத்திருந்தால், எரிச்சலில் துடிக்கும் ஒருவர் கழுவுவதை விட்டுவிட்டு லென்ஸோடு போராடிக்கொண்டிருப்பார். வாக்கியங்களின் வரிசை ஒருவரின் கண்ணைக் காக்கும் இடம் இது. எழுத்துப் பயிற்சி வகுப்பில் வாசகர் யார், அவர் எந்த நிலையில் படிக்கிறார் என்று திரும்பத் திரும்பக் கேட்பது சடங்குக்காக அல்ல.

வகுப்பின் மற்றப் பணிகளும் இப்படியே. மேற்கோள் நூற்பட்டியலுக்குக் குறிப்பெழுதச் சொல்வது, பின்னாளில் ஆய்விலக்கியத்தைத் தேடி எந்த ஆய்வு எதற்குச் சான்றாகும் என்று பிரிக்கும் வேலையாகிறது. சக மாணவரின் வரைவைப் படித்துக் கருத்துச் சொல்வது இன்னும் முக்கியமானது. ஓர் ஆவணத்தின் மீது பகுப்பாய்வாளர், தரக் கட்டுப்பாட்டாளர், சட்டப் பிரிவினர் எனப் பலரும் கருத்தெழுதுவார்கள், இரண்டு கருத்துகள் ஒன்றுக்கொன்று முரண்படும், யாரையும் புண்படுத்தாமல் அவற்றைத் தீர்த்து எழுத வேண்டியவர் எழுத்தாளர்தான். திருத்தத்தில் என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று இறுதித் தொகுப்போடு இணைக்கச் சொல்லும் விளக்கக் கடிதத்தை மாணவர்கள் தண்டனையாகவே நினைக்கிறார்கள். கட்டுப்பாட்டு அமைப்பின் கேள்விகளுக்குப் பதில் எழுதும் நாளில் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

இந்த வேலையின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொன்னேன். எழுதியவர் பெயர் பெரும்பாலும் எங்கும் வராது. அட்டவணையில் உள்ள எண்ணும் பத்தியில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று மணிக்கணக்காகச் சரிபார்க்க வேண்டியிருக்கும். பட்டம் பெற்ற உடனே எழுத்தாளராகச் சேர்வது அரிது. ஆய்வகத்திலோ தரப் பிரிவிலோ ஆவணச் சரிபார்ப்பிலோ சில ஆண்டுகள் இருந்து நகர்வதே பலரின் வழி. கதையும் கவிதையும் எழுதிப் பெயர் வாங்க விரும்பும் பிள்ளைக்கு இதை நான் சொல்லமாட்டேன். இந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, அந்த 40 பக்கச் சுருக்கத்தின் மாதிரி ஏதாவது படிக்கக் கிடைக்குமா என்பது. தரவு அறிவியலைப் பற்றி அரை மணி நேரம் பேசியபோது அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதைத் தந்தையார் கவனித்தாரா, தெரியவில்லை. நான் கவனித்தேன்.

எழுதுவதற்குத்தான் இப்போது இயந்திரம் வந்துவிட்டதே என்று சித்தப்பா சொன்னாராம். உண்மைதான், முதல் வரைவை அது நொடியில் தரும். இந்தத் துறையிலும் நுழைந்துவிட்டது, வெறும் வாக்கியங்களைக் கோப்பவர்களுக்கு இடம் குறையவும் செய்யும். ஆனால் நீரின் அமிலத்தன்மை வேறு என்பதைக் கவனித்து நின்ற அந்தக் கேள்விக்குறிக்கும், ஒப்படைத்த ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும், பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும். ஆகவே மகளிடமும் கண்டிப்பாகச் சொன்னேன்: எழுத்துப் பாடத்தின் பணிகளை இயந்திரத்திடம் ஒப்படைத்தால் மதிப்பெண் கிடைக்கும், மூன்றாவது வரைவில் நிகழ்ந்தது நிகழாது.

இப்போது செலவு. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. படிப்பை மாற்றினால் முடித்த பருவங்களின் கிரெடிட்டுகளில் பெரும்பகுதி பயனற்றுப் போகும்; இரண்டு ஆண்டுகள் கூடுதலாகும். கூடுதல் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவள் ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தையும், படிப்பு முடியும் வரை ஏறிக்கொண்டே போகும் வட்டியையும் அதே தாளில் எழுதிக் கூட்டுங்கள் என்று தந்தையாரிடம் பேனாவைக் கொடுத்தேன். கூட்டினார். பிறகு சற்று நேரம் யாரும் பேசவில்லை. சித்தப்பா அக்கறையால்தான் சொல்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் கடனுக்கு அவர் பிணை நிற்கப் போவதில்லை, தவணை கட்டப் போவதும் இல்லை. அவள் விரும்பாத ஒன்றுக்காக அவள் பெயரில் கடன் வாங்குவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்கமாட்டேன். மருத்துவ எழுத்துச் சான்றிதழ் என்று பெருந்தொகை கேட்கும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் இப்போது ஒரு காசும் செலவிட வேண்டாம். வேலையில் சேர்ந்த பிறகு தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியவை ஏராளம். கல்லூரியில் எழுத்து உதவி மையம் இருந்தால், அடுத்த பருவத்தில் அங்கே சக மாணவர்களுக்கு உதவும் பணிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறர் வரைவைப் படித்துக் கேள்வி கேட்கும் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. விருப்பப் பாடங்களில் தொழில்நுட்ப எழுத்தும் அடிப்படைப் புள்ளியியலும் இருந்தால் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். பர்டூ பல்கலைக்கழகம் 1994 முதல் நடத்திவரும் இணைய எழுத்துக்கூடமும், கூகுள் நிறுவனத்தின் தொழில்நுட்ப எழுத்துப் பாடங்களும் இலவசம். ஐ.சி.எச். வழிகாட்டிகளும் அதன் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

அவளுக்கு ஒரு வீட்டுப் பாடமும் கொடுத்திருக்கிறேன். ஐரோப்பிய மருந்து முகமை, தான் மதிப்பிடும் மருந்துகளுக்கு விரிவான மதிப்பீட்டு அறிக்கையையும், பொதுமக்களுக்கான சிறிய விளக்கத்தையும் வெளியிடுகிறது. ஏதாவது ஒரு மருந்தின் விரிவான அறிக்கையை மட்டும் படித்து, சிறிய விளக்கத்தைப் பார்க்காமலேயே, தானாக இரண்டு பக்கம் எழுத வேண்டும். பிறகு முகமையின் விளக்கத்தோடு ஒப்பிட்டு, அவர்கள் எதை முன்னால் வைத்தார்கள், எதை விட்டார்கள், ஏன் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். இப்படி மூன்று மருந்துகள், பருவம் முடிவதற்குள். மூன்றாவதை எழுதும்போதும் நேரம் போவது தெரியாமல் எழுதினாளானால் மறுபடியும் என்னிடம் வரட்டும். சலிப்புத் தட்டினால் அப்போதும் வரட்டும், வேறு வழியைப் பார்ப்போம். அதுவரை கடன் விண்ணப்பத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். தந்தையார் அதை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.