பிரைட்டனில் இலையுதிர்காலம் எப்படி இருக்கும்? குளிரும் இருட்டும் வாட்டிவிடுமா?

மகள் அடுத்த செப்டம்பரில் பிரைட்டனுக்குப் படிக்கப் போகிறாள், அவள் போய் இறங்கும் இலையுதிர்காலத்தில் அந்த ஊர் எப்படி இருக்கும், தாங்குவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து இது ஏழாவது இலையுதிர்காலம். பக்கத்திலேயே ஹோவ் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். கிளம்பும்போது என் அம்மாவும் இதையேதான் கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குளிரை நினைத்து முதலில் கலங்காதீர்கள். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கும் ஊர் இது. கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான் கடல்நீர் ஆண்டிலேயே அதிக வெதுவெதுப்பாக, 17, 18 டிகிரியில் இருக்கும். உங்கள் மகள் வந்து இறங்கும் வாரத்தில் பலர் கடலில் நீந்திக்கொண்டிருப்பதைப் பார்ப்பாள். 1860இல் தொடங்கிய பிரைட்டன் நீச்சல் மன்றத்தினர் குளிர்காலத்திலும் விடாமல் இறங்குவார்கள். அக்டோபரில் பகல் வெப்பம் 14, 15 டிகிரி. ஊட்டிக்கு எடுத்துப்போன ஸ்வெட்டர் ஒன்று இருந்தால் அந்த மாதம் ஓடிவிடும்.

கவனிக்க வேண்டியது காற்றை. தென்மேற்கிலிருந்து கடலைத் தாண்டி நேராக வந்து முகத்தில் மோதும். குடை வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள். புயலடித்த மறுநாள் காலை கடற்கரைச் சாலையின் குப்பைத்தொட்டிகளைப் பார்த்தால் கம்பி முறிந்த குடைகள்தான் துருத்திக்கொண்டிருக்கும். தலையை மூடும் தொப்பியோடு சேர்ந்த மழைக்கோட்டு ஒன்றை இங்கே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தக் கரையில் மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு இறங்கும் ஓசை, முறத்தில் உளுந்து உருள்வது போல இருக்கும், ஆனால் கரை நெடுக. கோடையில் லண்டன்காரர்களின் கூட்டத்திலும் பாட்டுச் சத்தத்திலும் இது காதில் விழாது. செப்டம்பர் முடிந்து கூட்டம் வடிந்ததும் ஊர் தன் குரலில் பேசத் தொடங்குவது போல எனக்குத் தோன்றும். கூரைகளில் அந்த ஆண்டு பிறந்த கடற்காகக் குஞ்சுகள், உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளியோடு, தாயைப் போலவே பெரிதாக வளர்ந்தபின்னும் இரை கேட்டுச் சிணுங்கிக்கொண்டே இருக்கும். கையில் சிப்ஸ் பொட்டலம் இருந்தால் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

இலையுதிர்காலம் என்றபின் இலைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? இந்த ஊரின் மரம் எல்ம். 1970களில் ஒரு வண்டு பரப்பிய பூஞ்சை நோயில் பிரிட்டன் முழுக்கக் கோடிக்கணக்கான எல்ம் மரங்கள் செத்துப்போயின. பிரைட்டனுக்கு வடக்கே சுண்ணாம்புக் குன்றுகள், தெற்கே கடல். வண்டு எளிதில் வந்து சேர முடியவில்லை. நோய் கண்ட மரத்தை உடனுக்குடன் வெட்டிக் காப்பாற்றினார்கள். அதனால் இன்றைக்கும் ஏறக்குறைய 17,000 எல்ம் மரங்கள் நிற்கும் ஊர் இது. பிரெஸ்டன் பூங்காவில் நானூறு ஆண்டு வயதான ஜோடி ஒன்று இருந்தது. அதில் ஒன்றை நோய் தாக்க, 2019இல் வெட்ட வேண்டியதாயிற்று. மற்றது தனியாக நிற்கிறது. அடிமரம் பொந்து விழுந்து, ஒரு ஆள் உள்ளே நிற்கலாம் போல இருக்கும்.

எல்ம் இலையைப் பொறுக்கி அதன் அடியைப் பாருங்கள். காம்பில் ஒரு பக்கம் இறங்கியும் மறுபக்கம் ஏறியும் ஒட்டியிருக்கும், வேட்டியை ஒருபக்கமாக இறக்கிக் கட்டியது போல. தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். மற்ற மரங்கள் காய்ந்து சிவந்துகொண்டிருக்கும்போது இது பச்சையாகவே இருக்கும். பிறகு அக்டோபர் கடைசியில் மஞ்சளாகி, ஒரே ஒரு பெருங்காற்றில் மொத்தமும் தரைக்கு வந்துவிடும். என்னுடைய பர்ஸில் எப்போதும் ஒன்று இருக்கும்.

இனி இருட்டைப் பற்றி. உண்மையில் வாட்டுவது இதுதான், மறைக்க விரும்பவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். சனிக்கிழமை ஆறுமணிக்குச் சற்று முன்னால் மறைந்த சூரியன் ஞாயிறன்று ஐந்துக்கு முன்பே போய்விடும். நவம்பர் நடுவில் நாலேகாலுக்கு, டிசம்பர் தொடக்கத்தில் நாலு மணிக்கே. வந்த முதல் வருடம் எனக்கு இது தெரியும், ஆனாலும் தெரிந்திருப்பது வேறு. அந்த வாரத்தில் நான் உடைந்துபோனேன். காலை வேலை முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து, திரையை இழுத்து மூடிப் படுத்துவிடுவேன். எழுந்தால் நடுராத்திரி போல இருக்கும், மணி ஏழுதான் ஆகியிருக்கும். அம்மாவுக்குப் போன் போட்டால் ஊரில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருந்தார். அப்போது அவருக்கு எண்பத்தைந்துக்கு மேல். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நவம்பர் தொடங்கியதும் தேநீர் கொண்டுபோகும்போதெல்லாம், "பறவைகள் வந்துவிட்டனவா?" என்று கேட்பார். எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால் இனி அவ்வளவு தூரம் நடக்க முடியாது கண்ணே. நீ கடற்பாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்கிறாயா?" என்றார். கரையிலிருந்து கடலுக்குள் 525 மீட்டர் நீளும் பேலஸ் பியரைத்தான் சொன்னார். அது 1899இல் திறந்தது. அவருக்காகத்தான் அன்று போனேன்.

நாலு மணிக்கு அங்கே நூறு பேராவது கம்பியைப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், பள்ளிச் சீருடையில் பையன்கள், நாயோடு ஒரு பெரியவர். யாரும் பெரிதாகப் பேசவில்லை. முதலில் முப்பது நாற்பது பறவைகள் குன்றுப் பக்கமிருந்து வந்தன. பிறகு இன்னொரு கூட்டம், இன்னொன்று. எல்லாம் சேர்ந்து ஒரே உடலாகி, கடல்மேல் நீண்டு, சுருங்கி, கவிழ்ந்து, மறுபடி விரிந்தன. கூட்டம் திரும்பும் இடத்தில் கறுப்பு ஒரு கணம் கூடி உடனே கலையும். தலைக்கு நேர்மேலே வந்தபோது ஆயிரமாயிரம் சிறகுகள் சேர்ந்து பட்டுப்புடவை சரசரப்பது போலக் கேட்டது.

இவை ஸ்டார்லிங் பறவைகள், நம்மூர் மைனாவின் குடும்பம். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வரும் சூறைக்குருவிக்கு நெருங்கிய உறவு. இவற்றில் பல வடகடலைத் தாண்டி ஐரோப்பாவின் வடபகுதியிலிருந்து குளிருக்கு இங்கே வந்தவை. பகலெல்லாம் வயல்களில் புழு பொறுக்கிவிட்டு இரவு தங்கப் பாலத்துக்கு அடியில் வந்து சேரும். இத்தனை பறவைகள் எப்படி மோதாமல் திரும்புகின்றன என்று ரோம் நகரில் இயற்பியலாளர்கள் படமெடுத்துக் கணக்கிட்டார்கள், 2008இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனித்துக்கொண்டு பறக்கிறதாம். மொத்தக் கூட்டத்தை எதுவும் பார்ப்பதில்லை.

இருட்டியதும் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தது போலக் கூட்டம் மொத்தமும் பாலத்துக்கு அடியில் இறங்கியது. நின்றவர்கள் கலையத் தொடங்கினார்கள். பாலத்தின் தரை மரப்பலகை, பலகைகளுக்கு நடுவே விரலளவு இடைவெளி. அதன் வழியே கீழே கடல் தெரியும். நாயோடு நின்ற பெரியவர் என்னைப் பார்த்து, குனிந்து கேள் என்று கையைக் காட்டினார். மண்டி போட்டுக் காதை வைத்தேன். என் காலுக்கு அடியில், இரும்புத் தூண்களில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு அத்தனையும் பேசிக்கொண்டிருந்தன. கீச்சு, விசில், சொடக்கு, இடத்துக்குச் சண்டை. கல்யாணவீட்டில் இரவு பாய் விரித்தபிறகு அடங்காமல் கேட்கும் பேச்சு போல இருந்தது. பலகை இடுக்கில் கோழிக்கூட்டு வாடையும் உப்பு வாடையும் சேர்ந்து ஏறியது. ஊரைவிட்டு வந்தபின் முதல்முறையாக, வீட்டுக்குப் போய்த் திரையை மூட வேண்டும் என்று தோன்றவில்லை.

மறுநாள் பாட்டியிடம் சொன்னேன். எத்தனை மணிக்கு வந்தன, எந்தப் பக்கமிருந்து, நடுவில் வல்லூறு வந்ததா என்று துருவித் துருவிக் கேட்டார். ஊர் நடுவே ஓர் உயர்ந்த அடுக்குமாடியின் உச்சியில் கூடு வைக்கும் வல்லூறுகள் உண்டு. அது வந்தால் கூட்டம் உருண்டையாக இறுகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். இளவயதில் அவர் பார்த்தது வெஸ்ட் பியரிலிருந்து. 1866இல் கட்டிய அந்தப் பாலத்தை 1975இல் மூடினார்கள், 2003இல் இரண்டுமுறை தீப்பிடித்தது. இப்போது வெறும் இரும்பு எலும்புக்கூடு கடலில் நிற்கிறது. முன்பெல்லாம் பறவைகள் வானத்தை மறைக்கும், இப்போது குறைந்துவிட்டன என்பார். அது வயதானவர்களின் பேச்சு அல்ல. பிரிட்டனில் ஸ்டார்லிங் ஆபத்தில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.

அங்கே நிற்கத் தொடங்கியபின்தான் இன்னொன்றையும் கவனித்தேன். கோடையில் இங்கே சூரியன் நிலத்தின் பக்கம் போய் மறையும். நவம்பர் நடுவுக்குப் பிறகு வெகுவாகத் தெற்கே நகர்ந்துவிடுவதால், உதிப்பதும் கடலில், மறைவதும் கடலில். கன்னியாகுமரிக்குப் போய்ப் பார்ப்பதை உங்கள் மகள் காலையும் மாலையும் இங்கேயே பார்ப்பாள். பகல் எட்டு மணி நேரம்தான் என்பதால் இரண்டையும் பார்ப்பது சுலபமும்கூட.

நவம்பர் முதல் ஞாயிறு 1905க்கு முன் செய்த கார்கள் லண்டனிலிருந்து ஓடிவந்து கடற்கரைச் சாலையில் நிற்கும். ஐந்தாம் தேதி வாணவேடிக்கை, தீபாவளியும் சில ஆண்டுகளில் அதையொட்டியே வருவதால் அப்போது எது யார் வெடி என்று தெரியாது. பக்கத்து ஊரான லூயிஸில் அன்று தீப்பந்த ஊர்வலம் மிகப் பெரிதாக நடக்கும். ஆனால் கூட்டம் கருதி அண்மை ஆண்டுகளில் மாலையில் ரயிலை அங்கே நிறுத்துவதில்லை, அதை நம்பிப் போக வேண்டாம்.

வீட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே பழைய வீடுகள் அதிகம், ஈரம் சுவரிலேயே குடியிருக்கும். என் முதல் அறை தரைக்குக் கீழே. அக்டோபரிலேயே கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது. வீட்டுக்காரரிடம் நாலுமுறை சொல்லியும் பெயின்ட் அடித்து மறைத்தாரே தவிர சரிசெய்யவில்லை, மூன்று மாதம் இருமினேன். அறை பார்க்கும்போது கட்டிலை நகர்த்திச் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். துணியை அறைக்குள் காயப்போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். இட்லி மாவு புளிக்க ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிட்டால் காலையில் பொங்கியிருக்கும்.

அக்டோபரில் ஒரு வெயில் நாளாகப் பார்த்து அவள் பேட்சம் பக்கத்துக் குன்றில் ஏறி சத்ரி என்ற நினைவு மண்டபத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்திய வீரர்களுக்கு 1914 டிசம்பர் முதல் இங்குள்ள ராயல் பெவிலியன் அரண்மனையை மருத்துவமனை ஆக்கினார்கள். அவரவர் மத, சாதி வழக்கப்படி சமைக்க ஒன்பது சமையலறைகள் இருந்தனவாம். இறந்துபோன இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை எரித்த இடத்தில் 1921இல் திறந்த வெள்ளைப் பளிங்கு மண்டபம் அது. வழியெல்லாம் ஆடு மேயும், புதரில் பிளாக்பெர்ரி கொஞ்சம் மிச்சமிருக்கும். மேலே நின்றால் ஊரும் கடலும் தெரியும். அந்த வீரர்கள் கடைசியாகப் பார்த்த இலையுதிர்காலத்தை நினைத்து நான் அங்கே அழுதிருக்கிறேன்.

பாட்டிக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. நேற்றுச் சொன்னது இன்று நினைவில் இருப்பதில்லை, ஆனால் பறவைகளைக் கேட்க மறப்பதில்லை. இன்று வேலை முடிந்து போய்வந்துதான் இதை எழுதுகிறேன். நாலு மணி பத்து நிமிடத்துக்கு முதல் கூட்டம், ஹோவ் பக்கமிருந்து. காற்று பலமாக இருந்ததால் உயரப் போகவில்லை, அலையை உரசுவது போலத் தாழ்வாகவே சுற்றிவிட்டு இறங்கின. வல்லூறு வரவில்லை. காலையில் தேநீரோடு போய்ச் சொல்ல வேண்டும்.